உப்பில்லாக் கஞ்சி

பசியாவரத்தில் அந்தக் காலத்தில் விடிந்ததும் முதல் வாய்த் தண்ணீர் அம்மணிக்குத்தான். ஊர்த்தலைவர் செங்கல்வராயன் ஆனாலும் சரி, தாகத்தில் தவிக்கிற பிள்ளைத்தாய்ச்சி ஆனாலும் சரி, அம்மணி குடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் ஊற்றில் கொட்டாங்குச்சி இறங்கும். இந்த மரியாதை ராஜாவுக்குக்கூட இல்லை என்று பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த மணல் திட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

கடலோடு கலக்கிற ஏரிக்கு நடுவே கிடக்கிற தீவு அது. அதன் முதுகில் இருக்கிற மணல்மேட்டில் சில ஊற்றுக்குழிகள். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாலின் மேல் ஏடு போலப் படிந்து நிற்கும். அந்த ஏடுதான் ஊருக்கு வருஷம் முழுக்கக் குடிதண்ணீர். ஏட்டை வழிக்கிற மாதிரி வழிக்கத் தெரிய வேண்டும். ஆகையால் குழி இடுப்பளவுக்கு மேல் ஆழம் போகக்கூடாது, மண்வெட்டி உள்ளே இறங்கக்கூடாது, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும் என்று ஊரில் கட்டு இருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு முளைக்குச்சி நட்டு, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கோடு கீறி வைத்திருப்பார்கள். ஏரியில் வெள்ளம் ஏறினால் கொஞ்ச நேரம் கழித்து ஊற்றிலும் ஏறும். அங்கே வடிந்தால் இங்கேயும் வடியும். ஏரிக்கும் ஊற்றுக்கும் நடுவில் கூப்பிடு தூரம் மணல் கிடந்தாலும், ஒன்றுக்கு மற்றது தெரியாமல் எதுவும் நடக்காது.

ருசி பார்க்கிற வேலை அம்மணிக்கு மாமியாரிடமிருந்து வந்தது. அதற்கும் ஒரு கட்டு உண்டு. முந்தின ராத்திரி கருவாடு தொடக்கூடாது, உப்புப் போட்ட எதையும் வாயில் வைக்கக்கூடாது. வெறும் கஞ்சிதான். அப்போதுதான் காலையில் நாக்கு சுத்தமாக இருக்கும். தண்ணீர் கரித்தால் அன்றைக்கே அந்த ஊற்றை ஓலை போட்டு மூடி, அடுத்த மழை வரை தொடாமல் விட்டுவிட வேண்டும். ஊரே கருவாட்டுக் குழம்பு மணக்க மணக்கச் சாப்பிடுகிறபோது அம்மணி மட்டும் மூலையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். அவள் புருஷன் தருமன் படகுக்காரன், வாயும் கொஞ்சம் நீளம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேனுவாங்க. எங்க வூட்ல அது அம்மணி வயித்துல" என்பான். அம்மணிக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பெருமைதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

ஏரிக்கு அக்கரையில் இருந்த கோட்டையில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கொடி பறந்த நாட்களில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசி வந்தது, போயிற்று. கார்த்திகையில் தரை நனைய நாலு தூறல், அவ்வளவுதான். உள்நாட்டில் நெல் கருகியது. கருவாட்டுக்கு நெல் மாற்ற வருகிற குடியானவர்கள் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அரிசி என்று ஒன்று இருந்தால் அது கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களில் இருந்தது. கப்பல்களுக்கோ நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற கோட்டைத் துபாஷி படகேறி வந்து கேட்டார். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் தந்தால் அதற்கு அரிசி தருவார்கள். ஊர் கூடிப் பேசியது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை. செங்கல்வராயன் அம்மணியைப் பார்த்தார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

"ஊத்து சொல்றவரிக்கும் குடுக்கலாம் அண்ணே. கரிச்சிச்சினா அன்னிக்கே மூடிடணும். அப்பறம் அரிசின்னு யாரும் அழக்கூடாது."

"நீ மூடுன்னு சொன்னா மூடிடுவோம். ஒன் நாக்குதான் எங்களுக்குக் கணக்கு" என்றார் அவர். ஊரும் ஒத்துக்கொண்டது. நியாயமான பேச்சுதான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

தை பிறந்தது முதல் படகுகள் பீப்பாயோடு போயின, அரிசியோடு வந்தன. கொட்டாங்குச்சியால் மொண்டு பீப்பாய் எப்போது நிறைவது? கொட்டாங்குச்சி போய்ச் சட்டி வந்தது, சட்டி போய்த் தவலை வந்தது. இடுப்பளவுக் குழி மார்பளவு ஆயிற்று. அம்மணி ஒவ்வொரு நாளும் விடியலில் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான். முளைக்குச்சியைப் பார்த்தாள். எவ்வளவு மொண்டாலும் தண்ணீர் கீறிய கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. "வத்தாத ஊத்துடா இது" என்று ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊற்றோரத்தில் எப்போதும் இல்லாத உமரிக்கீரை சிவப்பாகத் தலை நீட்டியது. உப்பு மண்ணில்தான் உமரி முளைக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பஞ்ச காலத்தில் கீரையைப் பார்த்து யோசிப்பார்களா, பறிப்பார்களா? பறித்துச் சமைத்தார்கள். உப்பே போட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு தின்றார்கள். அம்மணி மட்டும் அதைத் தொடவில்லை. கட்டு கட்டுதான்.

மாசியில் அவள் ஒரே மகள் வேலம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். ஆரணி ஆறு ஏரியில் வந்து விழுகிற இடத்தில் இருக்கிற குப்பத்தில் அவளைக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். வேலம்மா படகிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் வந்து, ஆசையாகச் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள். விழுங்காமல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விழுங்கினாள்.

"யம்மா, தண்ணி கரிக்குது."

"வந்ததும் வராததுமா இன்னாடி பேச்சு? காலைல நான் பாத்த தண்ணி."

"கரிக்குதும்மா. கொஞ்சமா இல்ல."

அம்மணி சொம்பை வாங்கிக் குடித்தாள். எப்போதும் போல இருந்தது. "புள்ளத்தாய்ச்சி வாய். எதத் தின்னாலும் மாத்தித்தான் சொல்லும்" என்று முடித்துவிட்டாள். முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். வேலம்மா நாளுக்கு நாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். உதடு வெடித்தது. கால் வீங்கியது. தருமன் மகளைப் பார்ப்பான், மனைவியைப் பார்ப்பான், எழுந்து வெளியே போவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நலம் கேட்டபோது வேலம்மா தண்ணீரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். சின்ன ஊர். மறுநாளே அது ஊர்த்தலைவர் காதுக்குப் போய்விட்டது.

ஒருநாள் காலையில் செங்கல்வராயன் தாமே ஊற்றடிக்கு வந்தார். பீப்பாய் ஏற்றிய படகுகள் கரையில் காத்திருந்தன. குடத்தோடு ஊரும் நின்றது. வேலம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றாள்.

"அம்மணி, பொண்ணு இன்னாவோ சொல்லுதாம். ஊர்ல பேசிக்கிறாங்க. எல்லார் எதிரிலயும் ஒரு வார்த்த சொல்லிடு. மூடணும்னா இப்பவே மூடிடலாம்" என்றார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

அம்மணி கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்தாள். கண்ணை மூடி நாக்கில் உருட்டினாள். அவள் ஏமாற்றவில்லை. அரிசிக்காகப் பொய் சொல்லவில்லை. அவள் நாக்குக்கு நிஜமாகவே அது நல்ல தண்ணீராக இருந்தது.

"நல்ல தண்ணி அண்ணே."

வேலம்மா முன்னால் வந்தாள். "எனக்கு ஒரு வாய் குடும்மா" என்று கேட்டு வாங்கி, வாயில் ஊற்றி, அங்கேயே மணலில் துப்பினாள். கோயிலுக்குள் துப்பினாலும் ஊற்றங்கரையில் துப்ப மாட்டார்கள்.

"தொண்டையில புடிக்குதும்மா. இத்த மூடிடு" என்றாள் வேலம்மா.

"முழுகாம கீறவளுக்கு வாய் அப்டித்தான். எனக்கு அப்போ மண்ணுகூட இனிச்சுது" என்று ஒரு கிழவி சொல்லவும், நாலு பேர் சிரித்தார்கள். அம்மணியும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அந்தக் காலை சிரிப்போடு போயிருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே பார்க்க, பெற்ற மகள், தன் நாக்கைப் பொய் என்று சொல்லிவிட்டாளே என்ற ஒரே எண்ணம்தான் அவள் நெஞ்சில் நின்றது.

"எம் மாமியா கிட்டேந்து வந்த நாக்குடி இது. எத்தினி வருசமா உப்பில்லாம தின்னு காப்பாத்தினு வரேன். நேத்து வந்து நிக்கிற நீ சொல்லி நான் ஊத்த மூடணுமா? ஒம் புருசன் வூட்டு ஆத்துத் தண்ணி அவ்ளோ இனிச்சா, அங்கியே போய்ப் பெத்துக்கோ."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வேலம்மா அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "சரிம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு திரும்பி நடந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பெறாமல் திரும்பிப் போவது தாய்க்கு எப்படிப்பட்ட தலைகுனிவு என்று அம்மணிக்குத் தெரியாதா? தெரியும். வேலம்மா துணி மூட்டையை எடுத்து வைக்கும்போது, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தருமன் வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தைக்காகவே மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கஞ்சியைக் கிண்டினாள். தருமன் மகளைப் படகில் ஏற்றி உட்கார வைத்தான். அவன் கழி ஊன்றித் தள்ளுகிற சத்தம் தேய்கிறவரை அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

சித்திரையில் சேதி வந்தது. பெண் குழந்தை, இரண்டு உயிரும் நலம். அம்மணி குலதெய்வத்துக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, பழம்புடவைத் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். தனக்குப் பதில் ருசி பார்க்கத் தன் நாத்தனாரை வைத்துவிட்டுப் போனாள்.

மகள் வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சம்பந்தியம்மாள் காசியம்மாள் இரண்டு கையாலும் தண்ணீர்ச் சொம்பை நீட்டி வரவேற்றாள். ஏசியிருந்தால்கூட அம்மணிக்கு மனம் ஆறியிருக்கும். வேலம்மாவும் முகம் கோணவில்லை. சாப்ட்டியாம்மா, தூங்குனியாம்மா என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள். அம்மணி அந்த வித்தியாசத்தைக் கவனிக்காத மாதிரி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு குளிப்பாட்டினாள், புகை போட்டாள். ஆற்றூற்றுத் தண்ணீரைக் குடித்தவள், கர்வம் விடாமல், "இன்னாடி இது, சப்புனு கீது. ஒரு ருசியும் இல்ல" என்றாள். வேலம்மா லேசாகச் சிரித்தாள்.

தீட்டுக் கழிந்து பேர் வைக்கிற வரை அங்கே இருந்துவிட்டு, தருமன் வந்து அழைக்க, அம்மணி ஊர் திரும்பினாள். நல்ல வெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று வாயில் ஊற்றினாள். ஊற்றியதும் துப்பினாள். வீட்டுத் தரையில், தன் காலடியிலேயே துப்பினாள்.

"ஏரித் தண்ணிய மொண்டு வெச்சினு கீறியா? பொம்பள இல்லனா ஒரு பான தண்ணிகூட ஒழுங்கா வெக்கத் தெரியாதா ஒனக்கு?"

தருமன் அவளையே பார்த்தான். "ஊத்துத் தண்ணிதான் அம்மணி. காலைல மொண்டது. நாங்க எல்லாம் இத்தத்தான் குடிக்கிறோம்."

அவள் மறுபடியும் ஒரு துளி நாக்கில் வைத்தாள். கரித்தது. தொண்டையில் பிடித்தது. அடுப்பின் மேல் நாத்தனார் வடித்து வைத்த கஞ்சி இருந்தது, உப்புப் போடாத கஞ்சி. அதில் ஒரு விரலைத் தொட்டு வாயில் வைத்தாள். அதுவும் கரித்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாக் கஞ்சி என்று இத்தனை நாள் தின்றாளே, அந்தக் கஞ்சி எந்தத் தண்ணீரில் கொதித்தது? அதே ஊற்றுத் தண்ணீரில்தானே. உப்பு ஒரே நாளில் வந்திருந்தால் நாக்கு கண்டுபிடித்திருக்கும். அது தினம் துளித்துளியாக வந்தது. ராத்திரி கஞ்சியில் ஏறிய கரிப்போடுதான் காலையில் நாக்கு ஊற்றடிக்குப் போனது. நேற்றைய உப்பை வைத்து இன்றைய உப்பை அளந்தால் எப்படித் தெரியும்? வெளியிலிருந்து வந்த நாக்குக்குத்தான் தெரியும். அது வந்து சொல்லவும் செய்தது, எல்லார் எதிரிலும் சொன்னது. முளைக்குச்சியும் அதே மாதிரிதான் ஏமாற்றியிருக்கிறது. எடுத்த இனிப்புத் தண்ணீரின் இடத்தை ஏரி அடியிலிருந்து வந்து நிரப்பிக்கொண்டே இருந்தது, அப்புறம் கோடு எங்கே இறங்கும்?

அம்மணி மணல்மேட்டுக்கு ஓடினாள். செங்கல்வராயனைக் கூப்பிட்டு, ஊர் நடுவில், மூடுங்கள் என்றாள். ஏன் என்றும் சொன்னாள். எவரும் அவளைத் திட்டவில்லை. "நாங்களுந்தான் குடிச்சோம் அம்மணி. எங்களுக்கு மட்டும் நாக்கு இல்லியா" என்றார் அவர். எல்லா ஊற்றையும் மூடினார்கள். அரிசி நின்றது. குடிக்கிற தண்ணீரை அக்கரையிலிருந்து படகில் சுமந்தார்கள். சில வீட்டார் கோட்டைக்குப்பத்துப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் சாமான் ஏற்றுகிறபோதெல்லாம் அம்மணி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. அம்மணி ஒரு புது ஜாடியில் மழைத் தண்ணீரைப் பிடித்து, வாய் கட்டி வைத்தாள். இனிமேல் யார் ருசி பார்த்தாலும் முதலில் ஜாடித் தண்ணீரில் ஒரு சொட்டு, பிறகுதான் ஊற்றுத் தண்ணீர் என்று புதுக் கட்டு போடச் சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கட்டு ஊரில் நின்றது.

வேலம்மா வராமல் இல்லை. பொங்கலுக்கு வந்தாள், திருவிழாவுக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் தனக்கும் குழந்தைக்கும் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரைக் கூடவே கொண்டுவந்தாள். அதைச் சத்தமில்லாமல் மூலையில் இறக்கி வைப்பாள். அம்மணி அந்தக் குடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அன்னிக்கு நீ சொன்னது சரிடி என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தாள். வேலம்மா உடனே வேறு பேச்சு எடுத்துவிடுவாள்.

இன்னொரு மழையும் பெய்தது, அதற்கடுத்ததும் பெய்தது. மணலுக்குள் மறுபடி ஏடு படிந்தது. அக்கரைத் தண்ணீரில் பாதி, ஊற்றுத் தண்ணீரில் பாதி என்று கலந்து ஊர் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு மாசி மாதத்துக் காலையில் அம்மணி ஊற்றைத் திறந்து குடித்துப் பார்த்தாள். இனித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கிற மழை ஜாடி அந்த வருஷம் தைக்குள்ளேயே தீர்ந்து போயிருந்தது. அடுத்த மழை வரை யார் காத்திருப்பது? கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்பி, ஈரத்துணி கட்டி, தருமனைப் படகு எடுக்கச் சொன்னாள்.

வேலம்மாவுக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து கைக்குழந்தையாக இருந்தது. அந்தப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற பேச்சே எழவில்லை. அம்மணி குடத்தை இறக்கி, தன் கையால் மொண்டு மகளிடம் நீட்டினாள். பரீட்சைக்கு நிற்பவள் இப்போது தாய்.

வேலம்மா வாங்கிக் குடித்தாள். துப்பவில்லை. முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா கீதும்மா. இனிக்குது."

அம்மணிக்கு மூன்று வருஷத்துப் பாரம் இறங்கியது. தருமன் முகத்தில்கூடப் பழைய சிரிப்பு வந்தது. காசியம்மாள் சோறு போட்டாள். அம்மணி வயிறார உண்டு, ஆற்றூற்றுத் தண்ணீரை நிறையக் குடித்து, வாய் கொப்பளித்துவிட்டு, பேத்தியோடு கொஞ்சிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். குடத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தன் ஊர்த் தண்ணீர் என்ற ஆசையில் அம்மணி அதை அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள்.

நாக்கின் ஓரத்தில் கரிப்பு தட்டியது. கொஞ்சம்தான். ஊற்றுத் தண்ணீரையே குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் இருந்தது.

அவள் திரும்பி வேலம்மாவைப் பார்த்தாள். வேலம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரே நல்ல தண்ணீர் என்று சொன்ன இடத்தில் தனியாக நின்று கரிக்குது என்று சொன்ன நாக்கு அது. நித்தம் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற நாக்கு. அதற்கு இது தெரியாமல் போயிருக்க முடியாது.

"வேலு. நெசமா சொல்லு. இனிச்சுதா?"

வேலம்மா நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, பழியும் இல்லை. அம்மாவை வருத்தக்கூடாது என்கிற கவனம்தான் இருந்தது.

"இனிச்சுதும்மா."

அன்னிக்கு மாதிரி துப்பேன்டி, என் எதிரில் துப்பிச் சொல்லேன்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது அம்மணிக்கு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஊற்றை இன்னொரு மழைக்கு மூடி வைக்கலாம். ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டால் நாளைக்கே மூடிவிடுவார்கள், மழை பெய்தால் அது இனித்துவிடும். மகள் வாயை அவள் மூடின அன்றைக்கு, அதை எந்த மழை திறக்கும் என்கிற கணக்கு இல்லாமல் போயிற்று.

"சரிம்மா, வரேன்" என்றாள் அம்மணி. மிச்சத் தண்ணீரைக் கொட்ட மனம் வராமல், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள்.